பேசாமலே பேசிக்கிறது, மிருகங்களும் நாமளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல்மொழி பத்திப் படிக்கிறேன்னு யார்கிட்டயாவது வாயத் திறந்தா போதும், "அப்ப நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லு பாப்போம்"னு உடனே ஆரம்பிச்சிடுறாங்க. தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. அது தெரியாதுங்கிறதுதான் இத்தனை வருஷமா இதைப் படிச்சதுல நான் கத்துக்கிட்டதே. ஆனா கேக்குற கேள்விகள் எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கறதால ஒரு தடவை உக்காந்து எழுதி வச்சுட்டேன்.

இதுல என்னென்ன சேரும்? சைகை மட்டும்தானா?

இல்ல. சொல்லைத் தவிர மத்தது எல்லாமே சேரும். முகபாவம், கை கால் அசைவு, பார்வை, எவ்ளோ கிட்ட நிக்கிறோம், தொடுறது, வாசனை, உடம்பு நிறம் மாறுறது, அப்புறம் குரல் கூட. குரல் எப்படின்னு கேப்பீங்க. "சரி"ங்கிற ஒரே வார்த்தையை எரிச்சலா சொல்லலாம், குழைஞ்சு சொல்லலாம், "ஆள விடு சாமி"ங்கிற மாதிரியும் சொல்லலாம். வார்த்தை ஒண்ணுதான், ஆனா அதை இழுத்து சொன்னோமா வெட்டி சொன்னோமாங்கிறது சொல்லுக்கு வெளியில இருக்கற விஷயம், அதனால அதுவும் இந்தக் கணக்குலதான் வரும். தமிழ்ல இதுக்கு அழகா குறிப்பறிதல்னு ஒரு பழைய வார்த்தை இருக்கு, "பாடி லாங்குவேஜ்"ங்கிறதை விட அது எனக்குப் பிடிக்கும், ஏன்னா அதுல மொழின்னு எங்கயும் சொல்லல. குறிப்புன்னுதான் சொல்லுது. மொழின்னு சொன்னதும் எல்லாரும் அகராதி தேட ஆரம்பிச்சுடுறாங்க, இந்த அசைவுக்கு இதான் அர்த்தம்னு. அப்படி ஒரு அகராதி கிடையாது.

அப்ப சைன் லாங்குவேஜ்?

அது இதுல சேராது. காது கேக்காதவங்க பேசுற சைகை மொழிகள் முழுசான மொழிகள். இலக்கணம் இருக்கு, கவிதை இருக்கு, கெட்ட வார்த்தையும் இருக்கு. 1960-ல வில்லியம் ஸ்டோக்கின்னு ஒரு மொழியியலாளர் அமெரிக்க சைகை மொழியை ஆராய்ஞ்சு இது சும்மா கை ஆட்டல் இல்ல, மொழின்னு எழுதினாரு. கையால பேசினாலும் அது சொல்தான். சைகை மொழி பேசுறவங்களும் பேசும்போது நம்மள மாதிரியே முகம் சுளிப்பாங்க, முன்னாடி சாய்வாங்க, அதுதான் இந்தக் கணக்குல வரும்.

நம்ம பேச்சுல 93 சதவீதம் உடல்மொழிதான், வார்த்தை வெறும் 7 சதவீதம்னு சொல்றாங்களே?

அய்யோ இந்த 93. எந்த ட்ரெயினிங் கிளாஸுக்குப் போனாலும் முதல் ஸ்லைடே இதுதான். இது எங்க இருந்து வந்துச்சுன்னா, 1967-ல ஆல்பர்ட் மெஹ்ரேபியன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் ரெண்டு சின்ன சோதனை பண்ணாரு, தனித்தனி வார்த்தையை வேற வேற குரல்ல சொல்ல வச்சு, வேற வேற முகத்தோட போட்டோவைக் காட்டி, இந்த ஆளுக்கு எதிர்ல இருக்கறவரைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு கேட்டாரு. வார்த்தை ஒண்ணு சொல்லுது, குரலும் முகமும் வேற சொல்லுதுன்னா நாம எதை நம்புறோம்ங்கிறதுதான் அங்க கேள்வி. அந்த ரெண்டு சோதனையையும் ஒட்டிப் போட்டு வந்ததுதான் வார்த்தைக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55ங்கிற கணக்கு. பிடிக்குமா பிடிக்காதாங்கிற உணர்ச்சி விஷயத்துக்கு மட்டும்தான் இது, மத்த பேச்சுக்குப் பொருந்தாதுன்னு அவரே பின்னாடி சொல்லிட்டாரு, யாரும் கேக்கல. நம்ப முடியலன்னா ஒண்ணு பண்ணுங்க, தெரியாத மொழியில ஓடுற செய்தியை சப்டைட்டில் இல்லாம பத்து நிமிஷம் பாருங்க. 93 சதவீதம் புரியுதான்னு சொல்லுங்க.

மிருகங்கள் வேணும்னே ஏதாவது "சொல்லுதா", இல்ல உடம்பு தானா பண்றதை நாமதான் அர்த்தம் பண்ணிக்கிறோமா?

ரெண்டும் நடக்குது, அதைப் பிரிச்சுப் பாக்கறதுதான் இந்தத் துறையிலேயே கஷ்டமான வேலை. கொசு நம்ம மூச்சுக் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை வச்சு நம்மளக் கண்டுபிடிக்குது, அதுக்காக நாம கொசுவுக்குத் தகவல் அனுப்புறோம்னு சொல்ல முடியுமா? அது தடயம். ஆனா மயில் தோகை விரிக்கிறது தடயம் இல்ல, பாக்கறதுக்குன்னே உருவான விஷயம், அதுதான் சிக்னல். மயில் "இப்ப இவளுக்குக் காட்டுவோம்"னு யோசிச்சுப் பண்ணுதாங்கிறது மூணாவது கேள்வி.

அந்த மூணாவது கேள்விக்குக் கொஞ்சம் நல்ல பதில் கிடைச்சது சிம்பன்சிகிட்டதான். உகாண்டாவுல புடோங்கோ காட்டுல ரொம்ப வருஷம் உக்காந்து பாத்திருக்காங்க. சிம்பன்சி ஒரு சைகை பண்றதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கறது தன்னைப் பாக்குதான்னு பாக்கும், பாக்கலன்னா தொட்டுக் காட்டும் இல்ல சத்தம் வர்ற மாதிரி பண்ணும், பண்ணிட்டு காத்திருக்கும், வேலை நடக்கலன்னா இன்னொரு சைகையை எடுக்கும். இதைத் தானா வர்ற அசைவுன்னு சொல்ல முடியாது. இலையைப் பல்லால கிழிச்சுக் கிழிச்சுப் போடுறது ஒரு சைகை, கிட்டத்தட்ட நம்ம ஊர்ப் பசங்க லைன் அடிக்கிற மாதிரி! 2023-ல ஒரு ஆய்வுல சாதாரண மக்கள்கிட்ட சிம்பன்சி, அதோட நெருங்கின சொந்தமான பொனோபோங்கிற குரங்கு, ரெண்டோட சைகை வீடியோவைப் போட்டுக் காட்டி நாலு பதில்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க, பாதிக்கு மேல சரியா சொல்லிட்டாங்க. குத்துமதிப்பா அடிச்சா கால்வாசிதான் வந்திருக்கணும்.

குதிரை கணக்குப் போட்ட கதை உண்மையா?

குதிரை உண்மை, கணக்குதான் பொய். ஆனா நம்ம சப்ஜெக்ட்ல இதை விட முக்கியமான கதை எனக்குத் தெரிஞ்சு இல்ல, அதனால கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன்.

1900-கள் ஆரம்பத்துல பெர்லின்ல வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன்னு ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் ஹான்ஸ்னு ஒரு குதிரைக்கு உக்காந்து பாடம் எடுத்தாரு, கிண்டல் இல்ல, நிஜமாவே போர்டு வச்சு. எட்டும் நாலும் எத்தனைன்னு கேட்டா ஹான்ஸ் குளம்பால பன்னெண்டு தடவை தட்டும். தேதி சொல்லும், மணி சொல்லும். காசும் வாங்கல, அதனால ஏமாத்துறாருன்னு சொல்லவும் வழியில்ல. 1904-ல ஒரு கமிட்டி போட்டு பாத்தாங்க, வித்தை எதுவும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவர் இல்லாம வேற ஆள் கேட்டாலும் குதிரை சரியா சொல்லுச்சு.

அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒரு இளைஞர் வந்து ஒரே ஒரு விஷயத்தை மாத்தினாரு. கேள்வி கேக்குற ஆளுக்கே பதில் தெரியாத மாதிரி பண்ணாரு. அவ்ளோதான், ஹான்ஸ் பாட்டுக்குத் தட்டிட்டே போச்சு. கேக்குற ஆளைக் குதிரை பாக்க முடியாம பண்ணாலும் அதே கதி. அப்ப நடந்தது என்னன்னா, கேள்வி கேட்டதும் கேட்டவர் தன்னை அறியாம குளம்பைப் பாக்கக் கொஞ்சம் குனியுறாரு, குதிரை தட்ட ஆரம்பிக்குது, சரியான எண் வந்ததும் அவர் தலை துளியூண்டு நிமிருது, குதிரை நிறுத்திடுது. இதை 1907-ல ஃபுங்ஸ்ட் எழுதினாரு. அவருக்கே எல்லாம் தெரிஞ்ச பிறகும், குதிரை முன்னாடி நின்னா அந்தத் தலை அசைவை அவரால அடக்க முடியல! பெர்லின்ல இருந்த பெரிய படிப்பாளிங்க கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை ஒரு குதிரை பாத்துட்டு இருந்திருக்கு. அதுக்குக் கணக்கு தெரியாது, ஆனா ஆள் தெரியும். எனக்கு இது கணக்கை விடப் பெரிய திறமையாத்தான் தெரியுது, ஆனா ஊரே ஏமாந்துட்டோம்னு குதிரையைக் கைவிட்டுடுச்சு.

இது பழைய கதைன்னு விட்டுடாதீங்க. 2011-ல அமெரிக்காவுல 18 மோப்ப நாய்களையும் அதுங்களோட பயிற்சியாளர்களையும் வச்சு ஒரு சோதனை நடந்துச்சு. கட்டடத்துக்குள்ள போதைப்பொருளே கிடையாது, ஆனா இருக்குன்னும் சிவப்புத் தாள் ஒட்டின இடத்துல இருக்கலாம்னும் ஆளுங்ககிட்ட சொல்லி வச்சாங்க. நாய்ங்க இல்லாத பொருளைக் "கண்டுபிடிச்சதா" நிறைய தடவை ரிப்போர்ட் வந்துச்சு.

நாய் வாலாட்டினா சந்தோஷமா இருக்குன்னுதானே அர்த்தம்?

எப்பவும் இல்ல. வாலாட்டுறதுன்னா அது உங்க கூட ஏதோ ஒரு விஷயத்துல இறங்கியிருக்கு, அவ்ளோதான். உடம்பு முழுக்கத் தளர்வா, இடுப்போட சேந்து ஆடுதா, அது குஷி. வாலை விறைப்பா மேல தூக்கி நுனி மட்டும் வேகமா ஆடுது, உடம்பு கட்டை மாதிரி நிக்குதுன்னா அது வேற, கை நீட்டிடாதீங்க. 2007-ல இத்தாலியில பாத்தாங்க, முதலாளியைப் பாத்தா வால் வலது பக்கம் கொஞ்சம் கூட ஆடுது, பழக்கமில்லாத மிரட்டுற நாயைப் பாத்தா இடது பக்கம் கூட ஆடுது. இதை வெறும் கண்ணால பாத்து முடிவு பண்ணலாம்னு நினைக்காதீங்க, அவங்க வீடியோ எடுத்து அளந்தாங்க.

நான் வாலை விட மத்ததைத்தான் பாப்பேன். திடீர்னு அசையாம உறைஞ்சு போறது, கண்ணோட வெள்ளைப் பகுதி பிறை மாதிரி தெரியறது, சாப்பாடு எதுவும் இல்லாம உதட்டை நக்குறது, முகத்தைத் திருப்பிக்கிறது. இது எல்லாம் "கொஞ்சம் தள்ளிக்கோ"ங்கிறதுதான். குழந்தை நாயைக் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்கும்போது இந்த நாலுல ரெண்டாவது அந்தப் படத்துல இருக்கும், எல்லாரும் ஹார்ட் போட்டுட்டு இருப்பாங்க. தெரியாத நாயா இருந்தா நேரா கண்ணைப் பாக்காம, குனிஞ்சு மேல விழாம, கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு அது வந்து மோந்து பாக்கட்டும்னு விடுறதுதான் மரியாதை.

தப்பு பண்ணிட்டு ஒரு மாதிரி பாவமா முழிக்குமே, அது குற்ற உணர்ச்சிதானே?

2009-ல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு நாய் ஆய்வாளர் இதைச் சோதிச்சாங்க. நாய் தின்பண்டத்தைத் திருடித் தின்னுச்சா இல்லையாங்கிறதை மறைச்சு, சிலர்கிட்ட தின்னுடுச்சுன்னு பொய் சொன்னாங்க. அந்தப் பாவப்பட்ட முழி எப்ப அதிகமா வந்துச்சுன்னா ஆள் திட்டும்போது, நாய் தப்பு பண்ணியிருந்தாலும் இல்லாட்டியும். சொல்லப்போனா ஒண்ணும் பண்ணாம திட்டு வாங்கின நாய்ங்களுக்குத்தான் இன்னும் ஜாஸ்தி. அதாவது அது உங்க கோவத்தைப் படிக்குது. ஹான்ஸ் மாதிரியே.

அந்தப் புருவத்தைத் தூக்குற பார்வைக்குத் தனியா ஒரு தசையே இருக்கு. 2019-ல நாயையும் ஓநாயையும் உடற்கூறு பண்ணிப் பாத்தா, உள்புருவத்தைத் தூக்குற தசை நாய்க்கு நல்லா வளர்ந்திருக்கு, ஓநாய்க்கு சும்மா சில நார் மட்டும்தான். ஆயிரக்கணக்கான வருஷமா நாம எந்தக் குட்டியை எடுத்து வளர்த்தோம்ங்கிறதோட பலன் அது.

பூனைக்கு முகத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே?

முகத்தைப் பாத்தா அப்படித்தான், வாலையும் காதையும் பாருங்க. வாலைக் கொடி மாதிரி நேரா தூக்கிட்டு வந்தா அது வணக்கம். காது பக்கவாட்டுல படிஞ்சு வால் நுனி அடிச்சுக்கிட்டா உங்களுக்கு டைம் முடிஞ்சது. வயித்தைக் காட்டிப் படுத்தா உங்களை நம்புதுன்னு அர்த்தம், தடவச் சொல்லுதுன்னு இல்ல (இந்த வித்தியாசத்துக்கு என் கையில ஒரு தழும்பு இருக்கு). 2020-ல இங்கிலாந்துல ஒரு ஆய்வு வந்துச்சு, கண்ணைப் பாதியா சுருக்கி மெதுவா மூடித் திறந்தா பூனையும் திருப்பி அப்படியே பண்ணுது, அப்படிப் பண்ண புது ஆள்கிட்டயும் கிட்ட வருதுன்னு. செலவில்லாத விஷயம், இன்னைக்கே பண்ணிப் பாருங்க. இன்னொண்ணு, வளர்ந்த பூனைங்க தங்களுக்குள்ள மியாவ்னு அவ்வளவா பேசிக்கிறதே இல்ல, அது பெரும்பாலும் நமக்காக. நாம வாலைப் படிக்க மாட்டோம்னு அதுங்களுக்கே தெரிஞ்சிடுச்சு போல.

சிரிக்கிற சிம்பன்சி படம் பாத்திருக்கேன், அது சிரிப்புதானா?

பல்லு தெரிய ஈன்னு இளிச்சிட்டு இருக்கற படம்னா அநேகமா பயம், இல்லன்னா "நான் சண்டைக்கு வரல"ங்கிற பணிவு. விளம்பரத்துலயும் வாழ்த்து அட்டையிலயும் வந்த அந்தச் சிரிப்புல பாதி, பயந்து போன குட்டியோட முகம். குஷியா விளையாடும்போது சிம்பன்சி வாயைத் தளர்வா திறக்கும், மேல் பல்லு மறைஞ்சிருக்கும், கூடவே இரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நம்ம புன்னகை அந்தப் பணிவு முகத்துல இருந்தும் நம்ம வாய்விட்டுச் சிரிப்பு இந்த விளையாட்டு முகத்துல இருந்தும் வந்திருக்கலாம்னு 1970-கள்லயே ஒரு கருத்து உண்டு. மேலதிகாரி முன்னாடி நாம சிரிக்கிற சிரிப்பை நினைச்சுப் பாத்தா எனக்கு அதுல சந்தேகமே வரல.

தேனீ டான்ஸ் ஆடி வழி சொல்லுமாமே?

ஆமா. பூ நிறைய இருக்கற இடத்தைப் பாத்துட்டு வந்த தேனீ கூட்டுக்குள்ள இருட்டுல, செங்குத்தா தொங்குற அடை மேல ஒரு நேர்கோட்டுல உடம்பை ஆட்டிக்கிட்டே ஓடும், சுத்தி வந்து திரும்ப அதே மாதிரி ஓடும். மேல் நோக்கி ஓடினா சூரியன் இருக்கற திசைக்குப் போன்னு அர்த்தம். செங்குத்துல இருந்து வலது பக்கம் 60 டிகிரி சாய்ஞ்சு ஓடினா சூரியனுக்கு வலது பக்கம் 60 டிகிரி. எவ்ளோ நேரம் ஆட்டிக்கிட்டே ஓடுதோ அவ்ளோ தூரம். அதாவது வெளியில இருக்கற சூரியனைக் கூட்டுக்குள்ள "மேல"ங்கிறதா மாத்திக்குது, நான் முதல் தடவை படிச்சப்போ ரெண்டு நாள் இதையே நினைச்சுட்டு இருந்தேன். இதைக் கண்டுபிடிச்ச கார்ல் ஃபான் ஃபிரிஷ்க்கு 1973-ல நோபல் பரிசு கிடைச்சுது, கோன்ராட் லோரென்ஸ், நிக்கோ டின்பர்கன் கூட சேத்து. இருட்டுல எப்படிப் பாக்கும்னா பாக்கறதில்ல, பின்னாடியே ஒட்டிப் போய் உணர்கொம்பால தொட்டுத் தெரிஞ்சுக்குது.

எல்லாம் பிறவியிலேயே வர்றதுன்னுதான் ரொம்ப நாளா நினைச்சாங்க. 2023-ல பாத்தா, பெரிய தேனீங்க ஆடுறதைப் பாக்காமலே வளர்ந்த தேனீங்க முதல்ல தப்பும் தவறுமா ஆடுது, கோணத்தை அப்புறம் ஓரளவு சரி பண்ணிக்குது, ஆனா தூரத்தைச் சொல்றதுல இருக்கற பிழை சாகுற வரைக்கும் போகல. ஆட்டம் ரத்தத்துல இருக்கு, ஆனா கூடவே கத்துக்கவும் வேண்டியிருக்கு.

மிருகங்கள் இப்படிப் பொய் சொல்லுமா?

பிரமாதமா சொல்லும். ஃபோட்டூரிஸ்னு ஒரு வகை மின்மினியில பெண் பூச்சி வேற இனத்துப் பெண் மாதிரியே விட்டு விட்டு ஒளி காட்டும், அந்த இனத்து ஆண் ஆசை ஆசையா இறங்கி வருவான், பிடிச்சுத் தின்னுடும். ஆஸ்திரேலியாவுல ஒரு வகை கணவாய் இருக்கு, ஆண் கணவாய்க்கு ஒரு பக்கம் பெண்ணும் மறுபக்கம் போட்டி ஆணும் இருந்தா, பெண் பாக்கற பாதி உடம்புல ஆண் கோலம், போட்டிக்காரன் பாக்கற பாதியில பெண் கோலம் போட்டுக்கும். 2012-ல எழுதினாங்க. ஒரே உடம்புல ரெண்டு ப்ரொஃபைல்.

அப்ப எல்லாரும் ஏன் பொய்யே சொல்றதில்லன்னு கேட்டா, எல்லாரும் பொய் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அந்த சிக்னலே செத்துடும். அதனால நிலைச்சு நிக்கிற சிக்னல் நிறைய, ஏமாத்தறது கஷ்டமானதா இருக்கும். சிறுமான் வேட்டையாடுற மிருகத்தைப் பாத்ததும் ஓடாம நாலு காலையும் விறைச்சு எம்பி எம்பிக் குதிக்கும். லூசுத்தனமா தெரியும், ஆனா "நான் நல்லா தெம்பா இருக்கேன், என்னைத் துரத்தி வீணாப் போகாத"ன்னு சொல்றது அது. நோஞ்சான் மானால அப்படிக் குதிக்க முடியாது. ஆப்பிரிக்கக் காட்டு நாய்ங்க குறைவா குதிக்கிற மானைத்தான் தேர்ந்தெடுத்துத் துரத்துதுன்னு பாத்திருக்காங்க. இப்படி சிரமப்பட்டுக் காட்டுற சிக்னலைத்தான் நம்பலாம்ங்கிற தத்துவத்தை 1975-ல அமோட்ஸ் சஹாவின்னு ஒரு உயிரியலாளர் சொன்னப்போ நிறைய பேர் ஒத்துக்கல.

வாசனையால ஆளைக் கவர்ற ஃபெரோமோன் சென்ட் வாங்கலாமா?

வாசனை பிடிச்சா வாங்குங்க. ஃபெரோமோன்னா ஒரே இனத்துக்குள்ள தகவல் சொல்ற வேதிப்பொருள். பட்டுப்பூச்சிக்கு அது இருக்கு, 1959-ல பியூட்டனான்ட்ங்கிற ஜெர்மன் வேதியியலாளரோட குழு அஞ்சு லட்சம் பெண் பூச்சிங்ககிட்ட இருந்து சில மில்லிகிராம் எடுத்துக் கண்டுபிடிச்சாங்க. முயலுக்கு இருக்கு, தாய்ப்பால்ல இருக்கற ஒரு வாசனை பட்டதும் குட்டி மடியைத் தேடும். மனுஷங்களுக்கு இன்னைய வரைக்கும் ஒண்ணு கூட நிரூபணம் ஆகல, பாட்டில்ல என்ன எழுதியிருந்தாலும்.

முகபாவம் உலகம் பூரா ஒண்ணுதானா? அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு சொல்றோமே?

இது பெரிய சண்டை, இன்னும் முடியல. டார்வின் 1872-ல மனுஷங்க, மிருகங்க முகபாவம் பத்தி ஒரு புத்தகமே எழுதினாரு, இதெல்லாம் பரிணாமத்துல வந்ததுன்னு. 1960-கள் கடைசியில பால் எக்மன்னு ஒரு உளவியலாளர் பப்புவா நியூ கினியில வெளியுலகத் தொடர்பு ரொம்பக் குறைவா இருந்த ஃபோரே மக்கள்கிட்டப் போய் கதை சொல்லி, இந்தக் கதைக்கு எந்த முகம்னு போட்டோக்கள்ல இருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னாரு, அவங்களும் நிறைய சரியா தேர்ந்தெடுத்தாங்க. கோவம், பயம், அருவருப்பு, சோகம், சந்தோஷம், ஆச்சரியம்னு ஆறு. (பழைய தமிழ் இலக்கணம் மெய்ப்பாடுன்னு நகை, அழுகைன்னு ஆரம்பிச்சு எட்டு சொல்லுது, அதுல பெருமிதமும் உண்டு. எக்மன் ஆறுல அது இல்ல.) பிறவியிலேயே பார்வை இல்லாத ஜூடோ வீரர்கள் 2004 பாராலிம்பிக்ல ஜெயிச்சப்பவும் தோத்தப்பவும் காட்டின முகம், பார்வை உள்ளவங்க காட்டின மாதிரியே இருந்துச்சு. யாரையும் பாத்துக் கத்துக்கிட்டிருக்க வழியே இல்ல.

சரி, அப்ப முடிஞ்சதுன்னு பாத்தா, 2016-ல ட்ரோப்ரியாண்ட் தீவுல போய் எக்மனோட பயந்த முகத்தைக் காட்டினா அங்க உள்ளவங்க அது மிரட்டுற முகம்னு சொல்லிட்டாங்க. 2019-ல லிசா ஃபெல்ட்மன் பாரெட்ங்கிற உளவியலாளரும் வேற சிலரும் சேந்து இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பாத்துட்டு, கோவம் வந்தா முகம் சுளிக்கிறது உண்டு, ஆனா சுளிக்காமலே கோவப்படுறதும், கோவமே இல்லாம யோசிக்கும்போது சுளிக்கிறதும் அதை விட சகஜம்னு எழுதினாங்க. என் கருத்தைக் கேட்டா, முகத்துக்குன்னு சில அடிப்படை அசைவுகள் பிறவியில வருது, ஆனா ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்து அர்த்தம் சொல்ல முடியாது. பந்தயத்துல ஜெயிச்சவன் கத்துற முகத்தைத் தனியா வெட்டிக் காட்டினா வலியில துடிக்கிறான்னு சொல்லுவீங்க.

பொய் சொல்றவங்களைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்ணைப் பாக்க மாட்டாங்களாமே?

கண்ணைப் பாத்துட்டே பொய் சொல்றவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், நீங்களும் பாத்திருப்பீங்க. 2006-ல 24 ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க கலந்துகிட்ட ஆய்வுகளைச் சேத்துக் கூட்டிப் பாத்தா, பொய்யா நிஜமான்னு மக்கள் சரியா சொன்னது 54 சதவீதம். காசு சுண்டினா 50. வலது மேல பாத்தா பொய், இடது மேல பாத்தா ஞாபகம்ங்கிற கதையை 2012-ல சோதிச்சாங்க, ஒண்ணும் தேறல. அமெரிக்க ஏர்போர்ட்ல நடத்தையைப் பாத்து சந்தேக ஆளைப் பிடிக்கிற திட்டத்துக்கு சுமார் 90 கோடி டாலர் செலவழிச்சாங்க, 2013-ல அவங்க அரசு தணிக்கை அலுவலகமே இது வேலை செய்யுதுன்னு ஆதாரம் இல்ல, பணத்தைக் குறைங்கன்னு சொல்லுச்சு. பதட்டம் தெரியும், அது வேணா உண்மை. ஆனா நிரபராதிக்கும் போலீஸ் முன்னாடி வேர்க்கத்தான் செய்யும்.

கையைக் கட்டிட்டு நின்னா "எனக்கு உன் பேச்சு பிடிக்கல"ன்னு அர்த்தமா?

ஏசி ஜாஸ்தியா இருந்தாலும் கட்டுவாங்க. சட்டையில கறை இருந்தாலும் கட்டுவாங்க. ஆனா இவ்ளோ நேரம் கையைத் திறந்து வச்சுப் பேசிட்டு இருந்தவர் நீங்க ஒரு விஷயத்தை எடுத்ததும் கட்டினாருன்னா, அப்ப அது கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு நிலை எதையும் சொல்லாது, மாறுறது சொல்லும். அதுவும் என்னமோ மாறுச்சுன்னுதான் சொல்லும், என்னன்னு சொல்லாது.

இன்டர்வியூவுக்கு முன்னாடி இடுப்புல கை வச்சு ரெண்டு நிமிஷம் நின்னா தைரியம் வருமா?

2010-ல வந்த ஆய்வு ஹார்மோனே மாறுதுன்னு சொல்லுச்சு. 2015-ல பெரிய அளவுல திரும்பப் பண்ணிப் பாத்தப்போ ஹார்மோன் மாறல, கொஞ்சம் தெம்பா உணர்ந்ததா மட்டும் சொன்னாங்க. அந்த முதல் ஆய்வை எழுதின மூணு பேர்ல ஒருத்தரே 2016-ல எனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு சொல்லிட்டாங்க. நிக்கிறதுன்னா நில்லுங்க, நஷ்டம் இல்ல.

குழந்தைங்க பேச்சு வர்றதுக்கு முன்னாடி எவ்ளோ புரிஞ்சுக்கும்?

நாம நினைக்கிறதை விட நிறைய. 1970-கள்ல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு உளவியலாளர் ஒரு சோதனை பண்ணாரு, அம்மா சில மாசக் குழந்தைகிட்ட சாதாரணமா கொஞ்சிட்டு இருந்துட்டு திடீர்னு முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கணும், குழந்தையைப் பாத்துட்டேதான். குழந்தை முதல்ல சிரிச்சுப் பாக்கும், கையை நீட்டும், சத்தம் குடுக்கும், தனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டும், ஒண்ணும் நடக்கலன்னா முகத்தைத் திருப்பிக்கும், கொஞ்ச நேரத்துல அழுதுடும். வீடியோவைப் பாத்தா நமக்கே தாங்காது. மொபைலைப் பாத்துட்டே குழந்தைக்கு சோறு ஊட்டுற எல்லாருக்கும் இது ஞாபகம் வரணும்னு நினைப்பேன், அப்புறம் நானும் அதைத்தான் பண்றேன்.

ஒரு வயசை ஒட்டி விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிக்கும். வேணும்னு கேக்க மட்டும் இல்ல, "அங்க பாரேன்"னு சும்மா காட்டவும். இந்த ரெண்டாவது வகை காட்டுல வாழ்ற குரங்குங்ககிட்ட ரொம்ப அபூர்வம். ஆனா நாம விரல் நீட்டினா நாய்க்குட்டி அந்தப் பக்கம் போய்ப் பாக்குது, நமக்கு நெருங்கின சொந்தமான சிம்பன்சி பெரும்பாலும் திணறுது.

பார்வை இல்லாதவங்க பேசும்போது கையை ஆட்டுவாங்களா?

ஆட்டுவாங்க. 1998-ல பாத்தாங்க, பிறவியிலேயே பார்வை இல்லாதவங்க இன்னொரு பார்வை இல்லாதவர்கிட்ட பேசும்போது கூட ஆட்டுறாங்க. நாம போன்ல பேசும்போது ஆட்டுறோமே, அதான். கை எதிர்ல இருக்கறவருக்கு மட்டும் பேசல, நம்ம யோசனைக்கும் உதவுது.

எனக்கு மத்தவங்க சைகையும் முகமும் சரியா பிடிபடாது, ஆட்டிசம் இருக்கு. இதைக் கத்துக்கத்தான் வேணுமா?

உங்களுக்குப் புரியலங்கிறது பாதிக் கதைதான். 2012-ல டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், சொன்னது என்னன்னா இது ரெண்டு பக்கத்துச் சிக்கல், ஆட்டிசம் இல்லாதவங்களுக்கும் உங்க முகத்தைப் படிக்கத் தெரியல, ஆனா குறை மட்டும் உங்க கணக்குல எழுதப்படுது. 2020-ல ஒரு கதையை ஆள் மாத்தி ஆள் சொல்ல வச்சுப் பாத்தாங்க. முழுக்க ஆட்டிசம் உள்ளவங்க குழுவுல தகவல் எவ்ளோ நல்லா போச்சோ, முழுக்க இல்லாதவங்க குழுவுலயும் அவ்ளோதான். கலந்து வச்ச குழுவுலதான் ஒழுகிப் போச்சு. அதனால "எனக்குக் குறிப்பு பிடிபடாது, நேரா சொல்லிடுங்க"ன்னு கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல, எனக்குத் தெரிஞ்சு அப்படிக் கேக்குறவங்க கூடப் பேசுறதுதான் நிம்மதி.

முகத்தைப் பாத்து உணர்ச்சி சொல்ற ஏஐ கேமரா எல்லாம் வந்துடுச்சே?

வந்துடுச்சு. அது முகத்தசை அசைவை நல்லாவே அளக்கும், அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நமக்கே தெரியாதப்போ அதுக்கு எப்படித் தெரியும். ஐரோப்பிய யூனியன் 2025 பிப்ரவரி 2-ல இருந்து வேலை இடத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கிற ஏஐயைத் தடை பண்ணியிருக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணத்துக்கு மட்டும் விலக்கு.

வாட்ஸ்அப்ல எழுதினா மட்டும் ஏன் சண்டை வருது?

குரல் இல்ல, முகம் இல்ல, "சரி."ன்னு புள்ளி வச்சு வந்தா மனசு தானா ஒரு குரலைப் போட்டுப் படிச்சுக்குது, அநேகமா கோவமான குரல். இந்தப் பிரச்சனை புதுசு இல்ல. 1982 செப்டம்பர் 19-ல ஸ்காட் ஃபால்மன்னு ஒரு கம்ப்யூட்டர் பேராசிரியர், ஜோக்கை ஜோக்குன்னு காட்ட முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி போட்டு ஒரு சிரிச்ச முகம் வைக்கலாமேன்னு சொன்னாரு. எமோஜி எல்லாம் அந்தத் தேவையில வந்ததுதான், ஆனா ஒரே எமோஜி வேற வேற போன்ல வேற மாதிரி தெரிஞ்சு அதுவே சண்டையில முடிஞ்சதும் உண்டு.

இதைப் படிக்கும்போதே கொட்டாவி வருது, போரடிக்குதுன்னு அர்த்தமா?

இந்தக் கேள்வியில அந்த வார்த்தை இருக்கறதால கூட வந்திருக்கலாம், பாத்தாலும் வரும், கேட்டாலும் வரும், படிச்சாலும் வரும். சின்னக் குழந்தைங்களுக்குத் தொத்தாது, நாலஞ்சு வயசுக்கு மேலதான். சிம்பன்சிக்குத் தொத்தும். 2008-ல 29 நாய்ங்க முன்னாடி ஒரு ஆள் உக்காந்து கொட்டாவி விட்டாரு, 21 நாய்ங்க திருப்பி விட்டுச்சு. சும்மா வாயை மட்டும் திறந்து மூடினப்போ ஒண்ணு கூட விடல. நாய் பதட்டத்துலயும் கொட்டாவி விடும், அதனால தூக்கம் வருது போலன்னு அங்கயும் நம்பிடாதீங்க. இந்தப் பதிலை எழுதுறதுக்குள்ள எனக்கு மூணு தடவை வந்துடுச்சு, பக்கத்துல படுத்திருக்கற பூனை ஒரு தடவை.